நீலத் துணியில் மயங்கிச் சாகும் கொலைகார ஈ!

நீல நிறத்தைக் கண்டால் அந்த ஈக்கு ஆசை. அந்த ஆசையே அதற்கு எமன் ஆகிவிட்டது!

ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரை கிராமங்களில் இந்த அதிசயம் நடக்கிறது. குச்சியில் கட்டிய சின்ன நீலத் துணி. பக்கத்தில் கறுப்பு வலை. இரண்டிலும் பூச்சி மருந்து. அவ்வளவுதான் கருவி! லட்சக்கணக்கான உயிர்களைப் பறித்த 'செட்சி' ஈயை அது வரவழைத்துக் கொல்கிறது.

தூக்க நோய்

செட்சி ஈ, பண்டத்தில் மொய்க்கும் நம் வீட்டு ஈ மாதிரி அல்ல. ரத்தம் குடிக்கும் ஈ. ஆண், பெண் இரண்டுமே கடிக்கும். கடிக்கும்போது நோய்க் கிருமியை உடம்பில் இறக்கிவிடும்.

முதலில் காய்ச்சல், தலைவலி. "சாதாரணக் காய்ச்சல்தானே" என்று இருந்துவிடுவார்கள். பிறகு கிருமி மூளைக்கு ஏறும். பகலில் தூங்கி வழிவார்கள். இரவில் தூக்கம் வராது. புத்தி தடுமாறும். வைத்தியம் செய்யாவிட்டால் பெரும்பாலும் சாவுதான்.

1900 முதல் 1920 வரை உகாண்டா பக்கம் இந்த நோய் பரவியபோது 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள்.

முதுகில் பசை

ஈயை நிறத்தால் ஏமாற்றும் வித்தை பழையது. மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் பிரின்சிப்பே என்று ஒரு தீவு. அப்போது போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. அங்கே தோட்டத் தொழிலாளர்கள் பசை தடவிய கறுப்புத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கடிக்க வந்த ஈ பசையில் ஒட்டிக்கொண்டது. ஆளே பொறி! புதர்களை வெட்டும் வேலையும் சேர்ந்து நடந்தது. 1914-ல் தீவில் ஈ ஒழிந்தது.

ஏன் நீலம்?

பிற்காலத்தில் ஜிம்பாப்வே காடுகளில் கிளின் வேல் போன்ற ஆராய்ச்சியாளர்கள் துணிகளைத் தொங்கவிட்டு, வரும் ஈக்களை எண்ணிப் பார்த்தார்கள்.

நீலம் தூரத்தில் இருந்தே ஈயை இழுக்கிறது. கறுப்பு அதை உட்கார வைக்கிறது. பச்சைப் புதர் நடுவே நிழலில் நிற்கும் மாட்டைப் போல நீலத் துணி ஈயின் கண்ணுக்குத் தெரிகிறதாம். விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் இது.

ஆற்றங்கரை ஈக்கு 25 சென்டிமீட்டர் துணியே போதும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட! சுற்றி வரும் ஈ வலையில் மோதும். மருந்து காலில் பட்டதும் கதை முடிந்தது.

இத்தனை சின்னத் துணி எப்படி ஒரு வம்சத்தையே அழிக்கும்? கொசு நூற்றுக்கணக்கில் முட்டை இடும். செட்சி ஈயோ ஒரு தடவைக்கு ஒரே ஒரு புழுவை வயிற்றில் வளர்த்து ஈனும். அதனால், தினமும் நூற்றுக்கு 4 பெண் ஈக்களைக் கொன்று வந்தாலே வம்சம் தேய்ந்து போகும்.

காவல் காத்த துணி

கினி நாட்டில் போஃபா என்ற பகுதி. 2012 முதல் அங்கே ஒரு பக்கத்தில் மட்டும் துணிகளை நட்டார்கள். மறுபக்கத்தில் நடவில்லை.

2014-ல் எபோலா நோய் தாக்கியது. ஊர் ஊராகப் போய் ரத்தம் சோதிக்கும் வேலை நின்றது. துணி இல்லாத பக்கத்தில் தூக்க நோய் கூடியது. துணி இருந்த பக்கத்தில் கூடவில்லை. டாக்டர் வராத நாளில் துணி காவல் காத்தது!

1998-ல் ஆப்பிரிக்காவில் கணக்கில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய 40 ஆயிரம் பேர். 2018-ல் ஆயிரத்துக்கும் கீழ். ரத்த சோதனை, மருந்து, ஈ ஒழிப்பு எல்லாம் சேர்ந்த பலன். தூக்க நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று சாட் நாட்டுக்கு 2024-லும், கினிக்கு 2025-லும் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

இங்கே மஞ்சள்

நம் நாட்டில் செட்சி ஈ கிடையாது. இங்கே தென்னையைக் கெடுக்கும் 'வெள்ளை ஈ' உண்டு. அதற்கு மஞ்சள் என்றால் உயிர். தோப்புகளில் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளை மரத்தில் கட்டுவது அதனால்தான். பிரின்சிப்பே தீவின் பசைத் துணிக்கு இது தம்பி!

ஆப்பிரிக்கக் காட்டில் சிங்கம் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீலச் சட்டையும் கறுப்புச் சட்டையும் பெட்டியிலேயே இருக்கட்டும்!