பொதுச்சுவரும் ஒலித்தடையும்

‘சுவருக்கும் காது உண்டு’ என்பது நம் முன்னோர் வாக்கு. சுவருக்கு வாயும் உண்டு என்பதை விசைத்தறி ஊர்களில் ஒட்டு வீடுகளில் குடியிருப்போர் நன்கு அறிவர். ஒரு வீட்டின் ஒலி அடுத்த வீட்டினுள் எவ்வாறு நுழைகிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கு விளக்க விழைகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் நான்கு தறிகள். இரவு ஷிப்டும் உண்டு. இந்தப் பக்கம் என் அக்காளின் மூன்று மாதக் குழந்தை. குழந்தை உறங்கவில்லை என்று என் தாயார் முறையிட்டபோது, “ஏனுங்க அக்கா, தறி நின்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாதுங்களே” என்றார் அடுத்த வீட்டு அம்மையார். இரண்டும் நியாயமே. தறியை நிறுத்தாமல் ஒலியை மட்டும் குறைக்க வழியுண்டா என்பதே என்முன் நின்ற வினா.

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் அமைந்த அலகு இது. இதில் 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகும். 20 கூடினால் 100 மடங்காகும். விசைத்தறிக் கூடத்தின் ஒலி 90 டெசிபலைத் தாண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரையறுக்கின்றன.

ஒலி அலை சுவரின் மீது மோதும்போது சுவர் நுண்ணியதாய் அதிர்கிறது. அந்த அதிர்வு மறுபக்கக் காற்றை அசைக்க, அங்கே ஒலி மீண்டும் பிறக்கிறது. சுவர் கனமாக இருப்பின் எளிதில் அசையாது. எனவே, ஒலியைத் தடுப்பதில் முதலிடம் எடைக்கே. இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 45 டெசிபலும், ஒன்பது அங்குலச் சுவர் ஏறத்தாழ 50 டெசிபலும் தடுக்கும்.

அப்படியாயின் 95 டெசிபல் ஒலி எங்கள் நாலரை அங்குலச் சுவரைக் கடந்தபின் 50 ஆகக் குறைய வேண்டுமன்றோ? குறையவில்லை. காரணம், அண்ணாந்து பார்த்தால் விளங்கும். பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் பொதுச்சுவர் ஓடுவரை எழும்பாது. மேலே இடைவெளி இருக்கும். 100 சதுர அடிச் சுவரில் 1 சதுர அடி திறந்திருந்தால், அவ்வழியே மட்டும் நூற்றில் ஒரு பங்கு ஒலி தடையின்றி நுழையும். அதாவது, சுவர் எத்துணைக் கனமாயினும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு மேல் போகாது. 95 ஒலி 75 ஆகவே வந்து சேரும்! ஆகவே முதல் வேலை இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்து, இருபுறமும் பூசுவதே. காற்றோட்டத்துக்குப் பொதுச்சுவரை விடுத்து வேறு சுவரில் சன்னல் வைக்க வேண்டும்.

சுவரில் தெர்மாகோலோ முட்டை அட்டையோ ஒட்டினால் போதும் என்பார் சிலர். ஒலியை உறிஞ்சுதல் வேறு, தடுத்தல் வேறு. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்னும் அறிஞர், எதிரொலித்த விரிவுரைக் கூடத்தில் நாற்காலி மெத்தைகளைப் பரப்பி ஆராய்ந்தார். மெத்தை அறைக்குள் முழக்கத்தைக் குறைத்தது. ஆனால் எடையற்ற பொருள் அடுத்த வீட்டு ஒலிக்குத் தடையாகாது.

இரண்டாவது வழி, ஒலி பிறக்குமிடத்தில் தடுப்பது. தறியின் அடியானது தரை வழியாகவும் அடித்தளம் வழியாகவும் பரவும். தறிக்கால்களின் கீழ் கெட்டியான ரப்பர் அட்டை வைத்து, தறியோ மோட்டாரோ சுவரைத் தொடாதபடி நகர்த்தினால் இவ்வதிர்வு குறையும். மூன்றாவது, செலவு மிக்க வழி: பொதுச்சுவரைத் தொடாமல் சிறிது இடைவெளி விட்டுத் தனிச் சட்டம் நிறுத்தி, அதில் கனமான ஜிப்சம் பலகைகளைப் பொருத்தி, நடுவில் கனிமப் பஞ்சு நிரப்புவது. சட்டத்தைச் சுவரோடு ஆணியால் பிணைத்தால் அவ்வாணியே ஒலிக்குப் பாலமாகிவிடும்.

நாங்கள் முதலிரண்டு வழிகளையே மேற்கொண்டோம். செங்கல்லும் சிமெண்டும் எங்கள் செலவு. ரப்பர் அட்டை அவர்கள் செலவு. ‘தடக் தடக்’ என்னும் தாழ்ந்த ஒலி இன்னும் மெலிதாகக் கேட்கிறது. தாழ்ந்த ஒலிகளைத் தடுப்பது எப்போதுமே கடினம். ஆயினும் குழந்தை உறங்குகிறது, தறியும் ஓடுகிறது. புதிதாக ஒட்டு வீடு கட்டுவோர் பொதுச்சுவரை ஒன்பது அங்குலமாக, கூரைவரை இடைவெளியின்றி எழுப்புவார்களாயின், பின்னாளில் சச்சரவுக்கும் செலவுக்கும் இடமிராது.