சக்கையில் பிறக்கும் நுரைப்பொதி

ஈப்போவில் ஒரு மின்விசிறியை வாங்கிவந்து பெட்டியைத் திறந்தால், அதன் மூலைகளில் வெண்ணிற நுரைக்கட்டிகளைக் காண்கிறோம். கல்லெண்ணெயிலிருந்து பெறப்படும் பாலிஸ்டைரீனால் ஆன அக்கட்டியின் பருமனில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றே. பொருளைக் காப்பதில் பெரும்பங்கு அக்காற்றுக்கு உரியது. மண்ணில் மக்காமல் கிடப்பதோ எஞ்சிய 2 விழுக்காடு. காற்றைச் சிறைப்பிடிக்க மக்கும் பொருளொன்று கிடைக்குமாயின் இச்சிக்கல் பெருமளவு தீரும். மாவுச்சத்து அத்தகைய பொருளாகும்.

இதன் அடிப்படை நம் அடுக்களையிலேயே உள்ளது. சவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சி, வடகமாக இட்டு, உலர்த்திப் பொரிக்கிறோம். நீருடன் சூடேறும்போது மாவுச்சத்து மணிகள் உப்பி உடைந்து கூழாகின்றன. உலர்ந்த வடகத்தில் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஈரம் காய்ந்த எண்ணெயில் நீராவியாகி விரிகிறது; கூழ்ச்சுவர்கள் ஊதிப் பெருத்து இறுகுகின்றன. தொழிற்சாலையில் எண்ணெய்க்கு மாற்றாக, 200 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் மூடிய அச்சு பயன்படுகிறது. கூழை அதில் வார்த்தால், நீராவி நுரைத்து வெளியேறியபின் தட்டு உருவாகிறது. மற்றொரு முறையில், ஈரமாவு திருகு இயந்திரத்தினுள் சூடும் அழுத்தமும் பெற்று, சிறுதுளை வழியே வெளிவரும் கணமே விரிகிறது.

இந்நுரைக்கு இரு குறைகள் உண்டு: உலர்ந்தால் நொறுங்கும், நனைந்தால் தளரும். கிளிசரின் நெகிழ்வையும், தாவர நார் வலிமையையும், மெழுகுப் பூச்சு ஓரளவு நீர்த்தடையையும் தருகின்றன. ஆயினும் சூடான குழம்பை ஏந்துவதைவிட உலர்ந்த பொருள்களைப் பொதிவதற்கே இது ஏற்றது. நீருக்கு இளகும் அதே இயல்புதான் மண்ணின் நுண்ணுயிர்களுக்கு இதனை எளிய இரையாக்குகிறது.

எந்த மாவுச்சத்தைப் பயன்படுத்துவது என்பதே அடுத்த வினா. 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது, பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே பலர் பசியாற்றியது. அதனை அறிந்த நாம், உண்ணும் கிழங்கைப் பெட்டிக்குள் அடைக்க மனமொப்ப மாட்டோம்.

விடைக்கான குறிப்பு சேலத்தில் உள்ளது. அதே போர்க்காலத்தில், 1943இல், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவின் தொழிலறிவைத் துணைக்கொண்டு மாணிக்கம் செட்டியார் அங்குச் சவ்வரிசி உற்பத்தியைத் தொடங்கினார். கிழங்கை அரைத்து மாவுப்பாலை வடித்தபின் எஞ்சும் சக்கையை ஆலைகளில் 'திப்பி' என்பர். உலர்ந்த திப்பியில் ஏறத்தாழப் பாதி மாவுச்சத்து. எஞ்சியதில் பெரும்பகுதி நார். நுரைக்கு வேண்டிய கூழும் அதற்கு வலுவூட்டும் நாரும் ஒரே கழிவில் அமைந்துள்ளன. எனினும் திப்பி மாட்டுத் தீவனமும் ஆகும். ஆகவே அதுவும் உரியவர் இல்லாப் பொருளன்று.

பேராக்கில் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. ஏறத்தாழ 25 ஆண்டுகளில் அதனை வெட்டி மறுநடவு செய்கின்றனர். வீழ்ந்த தண்டின் மென்திசுவில் மாவுச்சத்து உண்டு. அது நம் தட்டுக்கு வரும் உணவன்று. ஆயினும் ஈரம் மிகுந்த அத்தண்டு விரைவில் கெடும். வயலில் மட்கினால் மண்ணுக்கு உரமாகும். எனவே எவ்வளவை எடுப்பது, எவ்வளவை மண்ணுக்கே விடுவது என்று கணக்கிட்டாக வேண்டும். மக்கும் பொதி எதைக் கண்டாலும், அது எத்தனை நாளில் மக்கும் என்பதோடு, யாருடைய உணவிலிருந்து வந்தது என்றும் மாணவர்கள் கேட்கப் பழகுவார்களாக.