உயிர்க்கலமும் உப்புநீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த கீரிமலையை அறியாதார் நம்முள் மிகச் சிலரே. நகுல முனிவர் அங்கே நீராடித் தமது கீரிமுகம் நீங்கப்பெற்றார் என்னும் ஐதிகமும், ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் கழிக்கத் திரளும் மக்கட் கூட்டமும் அத்தலத்தின் பெருமையைக் கூறுவன. ஆயின், இன்று நான் தங்கள் கருத்தைத் திருப்ப விரும்புவது அங்குள்ள கேணியின் சுவரை நோக்கியாகும். சுவருக்கு அப்பால் அலையெறியும் கடல். இப்பால் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளினூடே ஊறிவரும் நிலத்தடி நீர். சுவை வேறுபட்ட இரு நீர்கள் இத்துணை அண்மையில் இருந்தும் ஒன்றாகிவிடவில்லை.

உயிருள்ள பொருள் ஒவ்வொன்றின் நிலையும் இதுவே. உள்ளே ஒரு நீர், வெளியே ஒரு நீர், இரண்டுக்கும் இடையே ஓர் எல்லை. அவ்வெல்லை உள்ளவரையில்தான் உயிரும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத அச்சிறு கேணியையே நாம் கலம் என்கிறோம். தமிழ்நாட்டார் இதனைச் செல் என்றும் உயிரணு என்றும் வழங்குவர்.

கலத்தை முதன்முதலிற் கண்டு பெயரிட்டவர் றொபேட் ஹுக் என்னும் ஆங்கிலேயர். அவர் தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். தேன்கூட்டின் கண்ணறைகளைப் போன்ற சிற்றறைகள் வரிசை வரிசையாய்த் தோன்றின. ஓரங்குல நீளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் இருப்பதைக் கணக்கிட்டு, சிற்றறை என்னும் பொருளுடைய சொல்லால் அவற்றைக் குறித்து, 1665 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆனால், தக்கை உயிரற்ற மரப்பட்டை. ஹுக் கண்டவை குடியிருப்போர் நீங்கிய வெற்றறைகள். நமது மொழியிலோ கலம் என்பது ஒன்றை ஏந்திநிற்கும் பாத்திரம். பின்வந்தோர் கண்டறிந்த உண்மைக்கு அச்சொல் மிகவும் பொருந்துகிறது.

சில ஆண்டுகள் கழித்து, ஒல்லாந்து நாட்டுத் துணிவணிகரான லீவன்ஹுக், தாமே தேய்த்தமைத்த வில்லைகளால் குளத்து நீரை ஆராய்ந்து, அதனுள் நீந்தித் திரியும் ஒருகல உயிர்களைக் கண்டார். 1831 இல் றொபேட் பிறவுண் தாவரக் கலங்களின் உள்ளே கருவொன்று இருத்தலை எடுத்துக்காட்டினார். 1838 இல் ஷிலைடன் தாவரங்கள் கலங்களால் ஆனவை என்றார். அடுத்த ஆண்டில் ஷுவான் விலங்குகளும் அவ்வாறே என நிறுவினார். 1855 இல் வேர்ச்சோ என்னும் ஜேர்மன் மருத்துவர், கலம் எதுவும் முன்னிருந்த கலத்திலிருந்தே தோன்றும் என்று எடுத்துரைத்தார். அதே காலத்தில் நமது மானிப்பாயில், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நம்மவருக்கு மேலைநாட்டு மருத்துவம் பயிற்றிக்கொண்டிருந்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே அக்கல்வியைப் புகட்டியவர் அவர். விஞ்ஞானத்தைத் தமிழிற் பேசுவது நமக்குப் புதிய வழக்கமன்று.

இனி, கலத்தின் உறுப்புகளைக் காண்போம். இதற்குத் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. நமது தோட்டங்களில் விளையும் சின்ன வெங்காயமே போதும். அதன் சதைமடலின் புறத்தே ஒட்டிய மெல்லிய செந்நிறத் தோலை உரித்து, ஒரு துளி நீரிலிட்டு, நுணுக்குக்காட்டியில் நோக்குங்கள். செங்கற் சுவர்போல் அடுக்கிய கலங்கள் தெரியும். ஒவ்வொன்றையும் சூழ்ந்துள்ள உறுதியான வேலி கலச்சுவர். அதன் உட்புறத்தை ஒட்டியிருப்பது கலமென்சவ்வு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஏழெட்டுக் கூறுகளே இச்சவ்வின் தடிப்பு. சவ்வினுள் இருக்கும் கூழ்போன்ற பொருள் குழியவுரு. அதனுள்ளே கரு. பரம்பரை இயல்புகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் கருவினுள் அடங்கியுள்ளன. உணவின் சத்தை எரித்துக் கலத்துக்கு வலுவளிக்கும் இழைமணிகளும் குழியவுருவில் உள. நிலத்தினுள் வளரும் குமிழில் இல்லாது, பச்சை இலைகளில் உள்ளவை சூரிய ஒளியால் உணவு சமைக்கும் பச்சையவுருமணிகள். வெங்காயக் கலத்தின் நடுவே பெரும்பகுதியை நிரப்பிநிற்பது புன்வெற்றிடம். பெயர் வெற்றிடமெனினும் அது வெறுமையன்று. செந்நிறச் சாறு நிறைந்த நீர்த்தொட்டி. அத்தொட்டி நிரம்பியிருத்தலாலேயே இலை விறைத்து நிற்கின்றது.

இவ்வுறுப்புகளுள் வாயிற் காவலன் கலமென்சவ்வே. நீரை எளிதிற் செல்லவிடும். உப்பை எளிதில் விடாது. நீர் செல்லுதற்கென்றே அதில் நுண்ணிய வாயில்கள் உண்டு என்பதைக் கண்டறிந்த பீற்றர் ஆகர் என்னும் அமெரிக்க அறிஞர் 2003 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்குபெற்றார்.

இப்பொழுது அவ்வெங்காயத் தோலின்மீது கடுமையான உப்புக்கரைசல் ஒரு துளியை விடுங்கள். சில நிமிடங்களில் செந்நிறச் சாறு ஒடுங்குகிறது. சவ்வு சுவரைவிட்டு விலகிக் கசங்கிய பைபோலாகிறது. உப்பு உட்புகுந்ததால் அன்று, உள்ளிருந்த நீர் உப்பு மிகுந்த புறத்தை நோக்கி வெளியேறியதால் நேர்ந்த சுருக்கம் இது. சவ்வினூடே நீர் இவ்வாறு செறிவு மிகுந்த பக்கத்துக்குச் செல்லுதலைப் பிரசாரணம் என்பர். உடனே நன்னீர் விட்டால் கலம் மீண்டும் நிமிரும். காலந் தாழ்த்தினாலோ மீளாது இறந்துபடும்.

நேயர்களே! நுணுக்குக்காட்டியின் கீழ் நாம் காணும் இச்சிறு நிகழ்ச்சி, நமது தோட்டங்களிலும் நிகழக்கூடியது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது; உவர்நீர் பாரம் கூடியது; ஆதலின் இம்மிதப்பு இயல்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் உண்டு என்பது நீரியலாரின் கணக்கு. இதன் மறுபுறத்தையும் எண்ணுதல் வேண்டும். மேலே ஓரடி குறைந்து அந்நிலையே நீடிக்குமாயின், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடிவரை உயர்ந்துவரலாம்.

துலா மிதித்து நீரிறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. 1950 களிலிருந்து பரவிய நீரிறைக்கும் இயந்திரத்துக்கோ களைப்பில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உவர்க்கத் தொடங்கும். அந்நீரைப் பாய்ச்சினால் வேர்மயிர்க் கலங்கள் மண்ணிலிருந்து நீரை உறிஞ்ச இயலாது தவிக்கும். உப்பு மிகின், உள்ள நீரையும் இழக்கும். பாத்தியில் நீர் நிற்கவும் பயிர் வாடுவதன் காரணம் இதுவே. கடலோரக் கண்டல் மரங்கள் உப்பைத் தடுக்கும் வேர்களைப் பெற்றுள்ளன; கடல்மீன்களின் பூக்களில் உப்பை வெளியேற்றும் சிறப்புக் கலங்கள் உள. வெங்காயத்துக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. நமக்கும் இல்லை: கடல்நீர் பருகியவன் அதன் உப்பைக் கழிக்கத் தன் உடல்நீரையே செலவிட்டு, மேலும் தாகமுறுகிறான்.

கலம் தன் எல்லையைத் தானே காக்கின்றது. அதற்கென ஒவ்வொரு கணமும் வலுவைச் செலவிடுகின்றது. நிலத்தடி நன்னீரின் எல்லையைக் காக்கும் கடமையோ நம்முடையது. ஊர்க்குளங்களைத் தூர்வாரி மாரிமழையைத் தேக்குதல், வெயில் தாழ்ந்த வேளையில் அளவறிந்து பாய்ச்சுதல், கிணற்று நீரின் சுவை மாறுமாயின் இறைப்பை உடனே குறைத்தல் ஆகிய மூன்றும் எவராலும் செய்யக்கூடியன. உப்புத்துளி பட்ட கலத்துக்குக் காலந் தாழ்த்தாது நன்னீர் விட்டால் அது மீளும் என்று கண்டோம். நம் கிணறுகளுக்கும் அந்த விதி பொருந்தும். ஆயின், கலம் சில நிமிடங்களில் மீளும். உவர்த்த கிணறு மீளப் பல மாரிகள் வேண்டியிருக்கும்.