185 கிலோமீட்டர், 45 செலவு: உப்பளத்திலிருந்து சங்கராபரணிக்கு

நோட்டில் முதல் வரி: அனுமந்தை, காலை 5.20, தண்ணீர் 3 லிட்டர். கடைசி வரியும் அனுமந்தைதான்; நான்காம் நாள் மாலை 4.40. நடுவில் 185 கிலோமீட்டர், ₹4,197, இரண்டு பஞ்சர், 14 டீ, 24 லிட்டர் தண்ணீர். பிப்ரவரி நடுவில் நானும் மச்சானும் கியர் இல்லாத சாதா சைக்கிளில் போய்வந்த கணக்கு இது. தொகை எல்லாம் ஓர் ஆளுக்கு. அறை வாடகை மட்டும் இருவருக்கும் பாதிப் பாதி. தூரத்தை முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறேன்.

போன வழி, கடற்கரையிலிருந்து மரக்காணம், திண்டிவனம் வழியாகச் செஞ்சி. திரும்பிய வழி, சங்கராபரணி ஆற்றோரம். செஞ்சியாறு, வராக நதி என்றும் அதற்குப் பேர் உண்டு. மொத்தமே சுமார் 79 கி.மீ. ஓடுகிற ஆறு, அதில் சுமார் 34 கி.மீ. புதுச்சேரி மண்ணில். வருடத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும். ஆனால் இந்தச் சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கில் பல்லவன் குடைந்த கோயில் இருக்கிறது, எட்டு வருட முற்றுகையைத் தாங்கிய கோட்டை இருக்கிறது, கல்லாகிப்போன மரங்கள் இருக்கின்றன, ரோமாபுரியோடு வணிகம் செய்த துறை இருக்கிறது. இத்தனையும் ஒரு சைக்கிள் எட்டுகிற தூரத்துக்குள்.

ஆற்றைப் பார்க்கப் போகிறவன் உப்பளத்தில் ஏன் தொடங்க வேண்டும்? இந்த வழியை முதலில் எழுதி வைத்தவர் அப்படித்தான் தொடங்கினார். சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படை 269 அடி. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவருடைய இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே இன்றும் அதே பேரில் இருக்கிறது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஒவ்வோர் ஊராகச் சொல்லி, அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சொல்லி, பாணனை மன்னன் நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கு அனுப்புகிறார். எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. உப்பு ஏற்றிய உமணர் வண்டிகளும் அந்தப் பாட்டில் வருகின்றன. வழி, தங்கல், உணவு மூன்றையும் சொல்லும் பயணக் கையேடு என்று அதைச் சொன்னால் தப்பில்லை.

முதல் நாள் 73 கி.மீ.: அனுமந்தை–மரக்காணம் 10, மரக்காணம்–திண்டிவனம் 35, திண்டிவனம்–செஞ்சி 28. மரக்காணத்து உப்பளம் வந்தபோது வெளுத்துக்கொண்டிருந்தது. பாத்தி மிதித்து முடிந்து, சில பாத்தியில் தண்ணீர் கட்டி, ஓரத்தில் முதல் உப்பு படர ஆரம்பித்திருந்தது. வெறுங்காலோடு ஓர் ஆயா, கையில் வாரும் பலகையோடு வரப்பில் நின்றார்.

"எங்க கண்ணு போறீங்க, விடியக்காத்தால?"

"செஞ்சிக்கு, ஆயா."

"செஞ்சிக்கா! பஸ்ஸே மாறி மாறிப் போவணுமே!"

குனிந்து இரண்டு கை உப்பை அள்ளி, தண்ணீர் வடியவிட்டு, மச்சான் நீட்டிய கவரில் போட்டார். காசு வாங்கவில்லை. ஈரத்தோடு முக்கால் கிலோ இருக்கும். அவர் குதிகாலில் வெடிப்பு விழுந்து, வெடிப்புக்குள் உப்பு வெள்ளையாக நின்றது. அதைப் பார்த்த பிறகு என் சைக்கிள் மிதியைப் பற்றிப் பெரிதாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

கடல்நீர் ஒரு லிட்டரில் உப்புகள் சுமார் 35 கிராம். அளத்தில் அதை டிகிரி வைத்துப் பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரி, 25 டிகிரி வந்தால்தான் உப்பு உட்காரும். அதற்குள் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் வெயிலில் போய்விட வேண்டும். ஆகவே உப்புக்கு நல்ல மாதம் சைக்கிளுக்கு ஆகாத மாதம். சித்திரை, வைகாசியில் குவியல் குவியலாகப் பார்க்கலாம். ஆனால் பத்து மணிக்கு மேல் சாலையில் நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. அளத்தில் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் ₹5,000. இரண்டுக்கும் நடுவே தை கடைசி முதல் மாசி முடிய, ஆறு வாரம்தான் நல்ல காலம்.

வியர்வைக்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் வியர்த்தால் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் போகும். ஆளுக்கு ஆள் மாறும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம், அதில் உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5. ஒரு லிட்டருக்கு ஒன்று. ஆறு பொட்டலம் எடுத்துப்போனேன், ₹132. ஆறும் செலவாயின.

மரக்காணத்தில் பார்க்க வேண்டிய நீர் இரண்டு. ஆந்திரக் கடற்கரையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே முடிகிறது; 1877–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக ஆட்கள் வெட்டிய பகுதியும் அந்தக் கால்வாயில் உண்டு. மற்றது கழுவெளி. 5,151.6 ஹெக்டேர், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கரையில் இறங்கிப் பார்த்த 20 நிமிடத்துக்கு விலை: சீமைக்கருவேல முள், பின்சக்கரம், முதல் பஞ்சர். அடுத்த ஊர்க் கடையில் டியூபை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார்கள். குமிழ் இரண்டு இடத்தில் வந்தது. இரண்டையும் ஒட்டி ₹50.

செஞ்சி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் மேலே. 73 கி.மீ.க்கு 90 மீட்டர் என்றால் ஏற்றமே கால் உணராது. உணர்ந்தது நிழல் இல்லாததை. திண்டிவனம்–செஞ்சி 28 கி.மீ.யில் இறங்கி நிற்கக் கிடைத்த மரநிழல் நான்கே இடம். நெடுஞ்சாலை அகலமாகியிருக்கிறது, லாரிக்கு நல்லது. சைக்கிள்காரனுக்குப் புளியமரம்தான் சத்திரம். பிற்பகல் கடற்காற்று முதுகில் விழுந்து தள்ளியதால் தப்பித்தோம். மேற்கே போகிற நாளில் காலையில் மெதுவாக மிதித்து, கடினமான பகுதியைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது இங்கே நல்ல கணக்கு.

இரண்டாம் நாள் 0 கி.மீ. நாள் முழுக்கக் கோட்டை. நுழைவு ₹25. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் வளைத்து ஓடும் மதில் சுமார் 13 கி.மீ. ராஜகிரி 800 அடி. முந்தின நாள் முழுக்க ஏறிய உயரத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். உச்சிக்கு முன்னால் ஒரு பிளவு: 24 அடி அகலம், 60 அடி ஆழம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஆள் போக முடியாது. 1677-இல் சிவாஜி பிடித்தார். 1690 முதல் 1698 வரை அவர் மகன் ராஜாராமை முகலாயப் படை முற்றுகையிட்டது. அந்த எட்டு வருடத்தைப் புரியவைப்பது மதிலைவிடக் குளங்களும் நெற்களஞ்சியமும்தான். சோறும் தண்ணீரும் உள்ளே இருந்தன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே.

மூன்றாம் நாள் 72 கி.மீ.: மண்டகப்பட்டு 18, வீடூர் 20, திருவக்கரை 11, வில்லியனூர் 23. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறான். ஒரு மன்னன் இன்னின்ன பொருள் செலவாகவில்லை என்று கணக்கு எழுதியதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. வெளியே வாயிற்காவலர் இருவர். உள்ளே மூன்று மாடமும் வெறுமையாக, குளிர்ச்சியாக. அங்கே அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

வீடூர் அணை, வராக நதியும் தொண்டியாறும் கூடும் இடம். முழு மட்டம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. பாசனம் 3,200 ஏக்கர்: தமிழ்நாட்டில் 2,200, புதுச்சேரியில் 1,000. இரண்டு அரசுகள் ஒரு சின்ன ஏரியளவு தண்ணீரைப் பிரித்துக்கொள்கின்றன. கரைமேல் கரும்பு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்தார் வண்டிக்காரர்.

திருவக்கரையில் கல்மரங்கள். பூங்கா 247 ஏக்கர், மரங்கள் சுமார் 200, வயது சுமார் 2 கோடி ஆண்டு. 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிப் பதிவு செய்தார். கிளையும் இல்லை, வேரும் இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டுவந்து மணலில் புதைத்த அடிமரங்கள், மெல்ல மெல்லக் கல்லாயின. ஒன்றின் குறுக்குவெட்டில் விரல் வைத்தேன். வளையங்கள் நகத்துக்குத் தட்டுப்பட்டன. ஆனால் தொட்டால் வெயிலில் காய்ந்த அம்மிக்கல். ஆற்றங்கரையில் செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய சந்திரமௌலீசுவரர் கோயில். அங்கே குழாயில் 4 லிட்டர் பிடித்துக்கொண்டோம்.

வில்லியனூருக்குப் போகும் வழியில் இரண்டாவது பஞ்சர், ₹50. கடைக்காரர் காற்றடித்துவிட்டு, "டியூப் போச்சு தம்பி, மாத்திடு" என்றார். கையில் இருந்த புது டியூப் அங்கே போட்டது.

நான்காம் நாள் 40 கி.மீ.: அரிக்கமேடு 11, புதுச்சேரி 5, அனுமந்தை 24. வில்லியனூர் தாண்டி ஆறு சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என்று பிரிகிறது. பின்னதன் கரையில் அரிக்கமேடு. 1945-இல் வீலர் தோண்டினார், பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமானிய மதுச்சாடியின் ஓடுகள் கிடைத்த இடம் இன்று மாந்தோப்பும் பழைய செங்கல் சுவரும்தான்.

இனி பணம். கிளம்புமுன் ஆன செலவு ₹822: ஓவராயிலிங்கும் பிரேக் கட்டையும் 450, டியூப் 180, ஒட்டுச் சாமான் 60, ஓ.ஆர்.எஸ். 132. வழியில் ஆனது ₹3,375: அறை 1,400, சாப்பாடு 12 வேளை 1,200, இளநீர் 6-க்கு 300, டீ 210, வாங்கிய தண்ணீர் 7 லிட்டருக்கு 140, பஞ்சர் 100, கோட்டை 25. கிலோமீட்டருக்கு ₹18 சொச்சம். கார் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால், லிட்டர் ₹100 என்று வைத்தாலும், 185 கி.மீ.க்கு எண்ணெய்ச் செலவு ₹1,233தான். அந்தப் பணம் ஒரே இடத்தில் ஒரே தடவையில் போய்விடும். எங்கள் ₹3,375, 45 தடவையாக, சராசரி ₹75 ஆக, டீக்கடை அக்காவுக்கும் இளநீர்க்காரருக்கும் பஞ்சர் கடைக்கும் போயிருக்கிறது. சைக்கிள் பயணி வந்தால் பள்ளத்தாக்குக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த 45-ஐத்தான்.

பிரான்சில் லுவார் ஆற்றோரம் சைக்கிளுக்கென்றே சுமார் 900 கி.மீ. வழி போட்டிருக்கிறார்கள், திருப்பத்துக்குத் திருப்பம் பலகை இருக்கும். இங்கே புது வழி போடவே வேண்டாம், ஊர்ச்சாலைகள் இருக்கின்றன. 185 கி.மீ.யில் சைக்கிள்காரனுக்கென்று எழுதிய பலகை 0. பலகை, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு குடிநீர்க் குழாய், சாலையோரம் புளியும் வேம்பும். இவ்வளவுதான் கேட்கிறேன். 24 லிட்டரில், கிளம்பும்போது எடுத்ததும் காசுக்கு வாங்கியதும் போக, மிச்சத்தை வீட்டுத் திண்ணையிலும் கோயிலிலும் கேட்டு வாங்கித்தான் குடித்தோம்; ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை.

புதுச்சேரியை 3.05-க்கு விட்டோம். கடற்காற்று வலப்பக்கம் பின்னாலிருந்து வந்தது, 24 கி.மீ., 95 நிமிடம். அனுமந்தை சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் கட்டணம் 0. ஆயா கொடுத்த உப்பில் கொய்யாவுக்கும் வேர்க்கடலைக்கும் போக அரைக்கிலோ மிச்சம். வீட்டில் அக்கா அதை ஊறுகாய் ஜாடிக்கு எடுத்துக்கொண்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அது 24-வது லிட்டர்.