பூமியில் உடையும் சூத்திரம்

புதன் முதல் சனி வரை ஆறு கோள்களின் தொலைவையும் சுற்றுக்காலத்தையும் வைத்துக்கொண்டு கெப்ளர் 1618இல் தம் மூன்றாம் விதியைக் கண்டார். காலத்தின் வர்க்கம் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதம். அதே எண்களைக் கொடுத்தால் இன்று கணினியும் அந்த விதியைத் தேடிப் பிடித்துவிடும். கூட்டல், வகுத்தல், மடக்கை, வர்க்கமூலம் எல்லாவற்றையும் மனம்போனபடி கோத்துச் சூத்திரங்களைப் படைக்கும். தரவோடு ஒட்டாததைக் கழித்து, ஒட்டுவதை வளர்க்கும். சிம்பாலிக் ரெக்ரஷன் என்பது இதுதான். எவ்வளவு விலகுகிறது என்று அளப்பது இழப்புச் சார்பு.

மனம்போனபடி கோப்பதில்தான் வம்பு. பூமியின் தொலைவை 1 என்று வைத்தால் அதன் மடக்கை 0. ஆகவே தொலைவை அதன் மடக்கையால் வகுக்கும் சூத்திரம் பூமியில் உடைகிறது. தொலைவில் 1ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், புதனிலும் வெள்ளியிலும் குறை எண்ணுக்கு மூலம் கேட்க வேண்டிவரும். கணினி அதற்கு ‘நேன்’ என்ற குறியைத் தரும். சராசரியில் ஒரு நேன் கலந்தால் மொத்த இழப்பும் நேன். அது எந்த எண்ணைவிடப் பெரிதா, சிறிதா, அதற்குச் சமமா என்று கேட்டாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். ‘இழப்பு வரம்பைத் தாண்டினால் தள்ளு’ என்று எழுதிய நிரலில் இது தள்ளப்படாமல் உள்ளே நுழைந்துவிடும்.

ஜான் கோசா 1992இல் வெளியிட்ட நூலில் ஒரு வழி இருக்கிறது: பூஜ்யத்தால் வகுத்தால் விடை 1. நம் முதல் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். பூமிக்கு விடை 1. பூமியின் உண்மையான சுற்றுக்காலமும் 1 ஆண்டு! உடைந்த இடத்திலேயே முழு மதிப்பெண். தொலைவு 1.0001 என்றால் அதே சூத்திரம் ஏறத்தாழ 10,000 ஆண்டு என்கிறது.

நேன் வந்த கோள்களை விட்டுவிட்டுக் கூட்டுவது இதைவிட ஆபத்து. சரியாகச் சொல்ல முடியாத கோளில் உடைந்துபோவதே சூத்திரத்துக்கு லாபமாகிவிடும். எல்லாக் கோளிலும் உடைகிற சூத்திரத்துக்குக் கூட்டுத்தொகை பூஜ்யம், அதாவது பழுதில்லாத வெற்றி. தேடல் இந்த ஓட்டையை விட்டுவைக்காது.

ஒரு புள்ளியில் உடைந்தாலும் இழப்பு முடிவிலி என்று வைப்பதே நேர்மையான வழி. பைஎஸ்ஆர் என்ற மென்பொருள் இப்படித்தான் செய்கிறது. அதில் முழு இழப்புச் சார்பையும் சொந்தமாக எழுதுபவர், மதிப்பீடு முழுமையாக முடிந்ததா என்று பார்த்து, முடியாவிட்டால் முடிவிலியைத் தாமே திருப்பியனுப்ப வேண்டும்.

ஆனால் தரவுப் புள்ளிகளுக்கு இடையே உடைவதை இதுவும் காணாது. அதற்காக மார்டன் கெய்சர் 2003இல் இடைவெளிக் கணிதத்தைக் கொண்டுவந்தார்: தொலைவு 0.38 முதல் 9.6 வரை எங்கும் இருக்கலாம் என்று வைத்து, சூத்திரத்தின் ஒவ்வொரு படியிலும் வரக்கூடிய எல்லைகளைக் கணக்கிட்டு, உடையக்கூடிய சூத்திரத்தைத் தள்ளுவது. இது சற்று மிகையாகவே பயப்படும். தொலைவில் அதே தொலைவைக் கழித்தால் பூஜ்யம் என்று தெரியாமல், −9.22 முதல் 9.22 வரை என்று எல்லை போட்டு, அதற்கு வர்க்கமூலம் எடுக்கும் நல்ல சூத்திரத்தையும் தள்ளிவிடும். அதில் பெரிய நஷ்டமில்லை. அதே சூத்திரத்தின் சுருங்கிய வடிவம் பெரும்பாலும் தேறிவிடும்.