முப்புரிச் சுருளும் சர்க்கரையும்

சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் ஒன்றுக்கு 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்று பெயர். தமிழில் முப்புரிச் சுருள் எனலாம். அப்பெயருக்கு உரிய ஆய்வு அருகிலேயே நடந்தது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கார்த்தாவுடன் இணைந்து கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவத்தைத் தேடினார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது இப்புரதமே. மூன்று சங்கிலிகள் கயிறுபோல ஒன்றையொன்று தழுவி முறுக்கியிருப்பதை அவ்விருவரும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். சுருளின் நடுவே இடம் மிகக் குறுகலானது. ஆகவே ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசீனே அமர்கிறது.

கொலாஜன் வெறும் புரதம் அன்று. சர்க்கரை இணைந்த புரதம், அதாவது கிளைக்கோபுரதம். செல்லுக்குள் சங்கிலி உருவாகும்போதே, அதிலுள்ள லைசின்கள் சிலவற்றில் ஒரு நொதி ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. அத்தொகுதியில் காலக்டோஸும், பல இடங்களில் அதன்மேல் குளுக்கோஸும் இணைகின்றன. இவையெல்லாம் சங்கிலிகள் முறுக்கப்படுவதற்கு முன்பே நிகழ வேண்டும். முறுக்கு விழுந்தபின் இந்நொதிகளால் செயல்பட இயலாது. நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகே தறியில் ஏற்றும் நெசவாளரின் முறையை இது நினைவூட்டுகிறது.

ஹைட்ராக்சில் சேர்க்கும் நொதிக்கு வைட்டமின் சி இன்றியமையாதது. நெல்லிக்காயும் கொய்யாவும் உணவில் இடம்பெறுவதன் பயன் இங்கே விளங்கும். அவ்வைட்டமின் குறைந்தால் ஸ்கர்வி நோய் தோன்றி, ஈறுகளில் குருதி கசியும். புரோலினில் ஹைட்ராக்சில் சேராமையால் சுருள் நிலைகுலைவதே அந்நோய்க்கு முதன்மைக் காரணம்.

எல்லாக் கொலாஜனிலும் சர்க்கரை ஒரே அளவில் இல்லை. தடித்த இழைகளாக நெருங்கி அடுக்கப்படும் தோலின் கொலாஜனில் அது குறைவு. சிறுநீரக வடிகட்டியின் அடித்தளச் சவ்வில் வலைபோல் பரவும் நான்காம் வகைக் கொலாஜனிலோ மிகுதி. பருத்த சர்க்கரைத் தொகுதிகள் இழைகள் நெருங்குவதைத் தடுக்கின்றன.

இதனை நீரிழிவில் நேர்வதோடு குழப்பிக்கொள்ளலாகாது. அங்கே குருதியில் மிகுந்த குளுக்கோஸ், நொதியின் துணையின்றிக் கொலாஜனில் கண்டபடி ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் இழைகளைப் பிணைத்து இரத்தக்குழாய்ச் சுவர்களை விறைக்கச் செய்கிறது. குளுக்கோஸ் அவ்வாறே ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் அளவைத்தான் மருத்துவர்கள் 'மூன்று மாதச் சர்க்கரை'ச் சோதனையில் காண்கின்றனர்.