ஒரு மில்லியன் கேட்ட அணி

மகளிர் ரக்பி உலகக் கிண்ணப் போட்டி தொடங்க சில மாதங்களே இருந்த நேரம் அது. உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த அணி ஒன்று, 2025 மார்ச்சில் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது. கனடா அணிதான் அது. கிண்ணத்தை வெல்வதற்கான தயாரிப்புக்கு 3.6 மில்லியன் கனடிய டாலர் தேவை, 2.6 மில்லியனை எங்கள் சங்கம் போடுகிறது, மீதி ஒரு மில்லியனை நீங்கள் தாருங்கள் என்று வெளிப்படையாகக் கணக்குச் சொல்லிக் கேட்டார்கள்.

இதைக் ‘கையேந்தினார்கள்’ என்று எழுதலாமா? எங்கள் அணியில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். மீதிப் பாதிக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. நான் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. ரக்பியில் ‘பிராப்’, அதாவது இரண்டு அணிகளும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ‘ஸ்க்ரம்’மில் முன்வரிசை ஆள். கோலாலம்பூரில் ஒரு போட்டிக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள். பேருந்து, தங்குமிடம், காப்புறுதி எல்லாம் சேர்த்து, கிடைத்த உதவி போக ஆளுக்கு 250 வெள்ளி போட வேண்டும். மூன்று பேர் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும். வெளியே நிதி திரட்டலாம் என்று ஒருத்தி சொன்னதும் வாட்ஸ்அப் குழுவில் சண்டை மூண்டது. அந்தச் சண்டையின் நடுவில்தான் கனடாவைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்கத் தெரிந்தது, இந்த விளையாட்டில் பெண்கள் பணத்துக்கு அலைவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. முதல் மகளிர் உலகக் கிண்ணம் 1991 ஏப்ரலில் வேல்ஸில் நடந்தது. அனைத்துலக ரக்பி வாரியம் அதை அங்கீகரிக்கவில்லை. லண்டனின் ரிச்மண்ட் மகளிர் அணியைச் சேர்ந்த நான்கு பெண்கள், தங்கள் வேலைகளுக்கு இடையே அதை ஏற்பாடு செய்தார்கள். வந்தவை 12 அணிகள். ஆசியாவிலிருந்து ஜப்பான், வடஅமெரிக்காவிலிருந்து அமெரிக்காவும் கனடாவும். சோவியத் அணியின் கதை தனி. கையில் ரொக்கம் இல்லாமல் வந்த அவர்கள், கொண்டுவந்த வோட்காவையும் கேவியரையும் பொம்மைகளையும் விற்றுச் செலவைச் சமாளிக்கப் பார்த்தார்கள். சுங்க அதிகாரிகள் விசாரிக்கவே வந்துவிட்டார்கள்! இறுதியாட்டத்தில் அமெரிக்கா 19-6 என இங்கிலாந்தை வென்றது. அந்தப் போட்டி அதிகாரபூர்வ உலகக் கிண்ணமாக ஏற்கப்பட்டது 2009இல்தான். ஏற்பாட்டாளர் நால்வரில் ஒருவரான டெபரா கிரிஃபின், 2025இல் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 34 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கனடாவின் ஏற்றமும் மெதுவானதுதான். 2014இல் இறுதியாட்டம் வரை வந்து இங்கிலாந்திடம் 21-9 எனத் தோற்றது. 2022இல் நியூசிலாந்தில் நடந்த போட்டியில் அரையிறுதியில் மறுபடியும் இங்கிலாந்து, மறுபடியும் தோல்வி, 26-19. நியூசிலாந்தை முதன்முறையாக வீழ்த்தியது 2024 மே மாதம். கிரைஸ்ட்சர்ச்சில், 22-19 என்ற கணக்கில்.

ஆட்டத்திறன் வளர்ந்த வேகத்துக்குப் பணம் வளரவில்லை. இங்கிலாந்து 2019 ஜனவரியிலேயே 28 வீராங்கனைகளுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்துவிட்டது. காலையில் எழுந்தால் பயிற்சிதான் அவர்களுக்கு வேலை. கனடியர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களில் பலர் இங்கிலாந்துக்கே போய் அங்குள்ள கிளப்புகளில் சேர்ந்தார்கள். வாரந்தோறும் யாரை எதிர்த்து, யாரோடு சேர்ந்து ஆடினார்களோ, அவர்களையே பிறகு நாட்டுக்காக எதிர்கொண்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. எதிராளியின் வீட்டுக்கே போய்ச் சமையல் கற்றுக்கொண்டு வந்த மாதிரி.

சோஃபி டி கூட் என்ற பெயரை ரக்பி பார்க்காதவர்களும் தெரிந்துகொள்ளலாம். குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ரக்பி, கூடைப்பந்து இரண்டிலும் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். அவருடைய அம்மா ஸ்டெஃபனி வைட், 1987இல் கனடா மகளிர் அணி ஆடிய முதல் அனைத்துலக ஆட்டத்தில் அணித்தலைவி. 2024இல் முழங்கால் தசைநார் கிழிந்து, சோஃபி ஓராண்டுக்கும் மேல் களமிறங்கவில்லை. உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்புதான் திரும்பினார். ஸ்க்ரம்மில் இரண்டாம் வரிசையில் தள்ளுகிற உயரமான ஆட்கள் பொதுவாகக் கோல் உதைக்க மாட்டார்கள். இவர் அதையும் செய்வார். அந்த ஆண்டின் உலகின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கே கிடைத்தது.

நியூசிலாந்துடனான அரையிறுதியை நேரலையில் பார்க்க, நம் நேரப்படி விடியற்காலை 2 மணிக்கு விழித்திருக்க வேண்டியிருந்தது. ஆறு முறை கிண்ணம் வென்ற, நடப்பு வெற்றியாளரான அந்த அணியைக் கனடா 34-19 என வெளியேற்றியது. இறுதியாட்டம் செப்டம்பர் 27, இரவு 11 மணி. லண்டன் டிவிக்கன்ஹம் அரங்கில் 81,885 பேர். மகளிர் ரக்பி ஆட்டம் ஒன்றுக்கு அதுவரை அத்தனை பேர் கூடியதில்லை. முதல் புள்ளிகளை எடுத்தது கனடாதான். ஏஷியா ஹோகன்-ரோசெஸ்டர் ஓடிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தபோது, அம்மா எழுந்துவிடுவாரே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் இங்கிலாந்தின் முன்வரிசை ஸ்க்ரம்மில் கனடாவை நகர்த்தியது. 33-13. இங்கிலாந்துக்கு மூன்றாவது கிண்ணம்.

நன்கொடை இயக்கம் ஏறக்குறைய தன் இலக்கை எட்டியது. இந்த இடத்தில் நெகிழ்ந்துபோய்க் கைதட்டிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகின் இரண்டாம் நிலை அணி, பயிற்சி செய்யவேண்டிய மாதங்களில் பணம் திரட்டிக்கொண்டிருந்தது. இது பெருமைப்படுகிற செய்தியல்ல. ‘மக்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று அடுத்த முறை பொறுப்பானவர்கள் தட்டிக்கழிக்க இதுவே சாக்காகவும் ஆகிவிடலாம்.

இருந்தாலும் அவர்கள் கேட்ட விதம் என் மனத்தில் நிற்கிறது. இயக்கத்துக்கு வைத்த பெயரே ‘மிஷன்: வின் ரக்பி வோர்ல்ட் கப் 2025’. இரக்கப்படுங்கள் என்று அதில் எங்கும் இல்லை. வெல்லப் போகிறோம், இவ்வளவு செலவாகும், இவ்வளவு குறைகிறது. அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் நான் இதைப் போட்ட பிறகு சண்டை நின்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தாளில் கணக்கு எழுதினோம். 18 பேர், ஆளுக்கு 250, மொத்தம் 4,500 வெள்ளி. யாருக்கு வசதி இல்லை என்ற பெயர்கள் அதில் இல்லை. எல்லாருக்கும் ஒரே தொகை, எல்லாருக்கும் பொதுப் பணம். அந்த மூவரில் ஒருத்திதான் தாளைத் தட்டச்சு செய்தாள். அனுமதி வாங்கி, இரண்டு வாரமாகச் சுற்றுக்கு விட்டிருக்கிறோம். இதுவரை 2,140 வெள்ளி சேர்ந்திருக்கிறது. என் தாத்தா கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்து, காப்புறுதித் தொகை எங்கே என்று கேட்டு, காட்டிய பிறகே 50 வெள்ளியை எடுத்தார்.